பிரேக் ஆயில் கசிந்து விபத்து: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் கரூரில் வசிக்கிறேன். ஈரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் சொந்தக் காருக்கு முன் சக்கர பிரேக் ஹோஸும் பேடும் மாற்றினேன். நான்காம் நாள் சிக்னலில் பெடல் அடிவரை இறங்கிவிட்டது. முன்னால் நின்ற ஸ்கூட்டரில் மோதி, அதை ஓட்டியவருக்குக் கையில் காயம். சக்கரத்தின் உட்புறமெல்லாம் பிரேக் ஆயில். ‘டெலிவரிக்குப் பின் பொறுப்பில்லை’ என்று சீட்டிலேயே அச்சடித்திருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். “கொண்டு வாங்க, காசு வாங்காம சரிபண்ணித் தர்றேன்” என்றும் கூப்பிடுகிறார். கேட்டும் பில் தரவில்லை. எஸ்டிமேட் சீட்டும், போனில் பணம் அனுப்பிய பதிவும்தான் இருக்கின்றன. நான் என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்த ஓசி ரிப்பேருக்கு வண்டியை அனுப்பாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியச் சாட்சி அந்தச் சக்கரத்துக்குள்தான் இருக்கிறது. அவர் ஸ்பேனரை வைத்த நிமிடமே அது போய்விடும்.

பிரேக் ஆயில் வரும் குழாயான ஹோஸை, சக்கரத்தில் பேடுகளை அழுத்தும் காலிப்பரோடு பிணைக்கும் போல்ட்டின் இருபக்கமும் பெரும்பாலான கார்களில் செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டால் கசிய வாய்ப்பு அதிகம். அதனால் ஹோஸைக் கழற்றும்போதெல்லாம் புது வாஷர் போட வேண்டும். போல்ட்டை உரிய அளவுக்கு முடுக்க வேண்டும். பிளீடிங் (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) முடிந்ததும் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் சக்கரத்தை மாட்டுவது. கவனமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்வது இது. செய்யாமல் விட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ‘சேவைக் குறைபாடு’ இதுவே.

ஆனால் கசிவு எந்த இடத்தில் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். புது ஹோஸின் இணைப்பில் என்றால் உங்கள் கை ஓங்கும். அவர் தொடவே தொடாத பின் சக்கரத்திலோ, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலோ என்றால் வழக்கு வலுவிழக்கும். ஆகவே கசிந்த இடத்தை இப்போதே போட்டோ, வீடியோ எடுங்கள். வேறு ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்க்கச் சொல்லி, கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிக்கை வாங்குங்கள். வாஷர், போல்ட், ஹோஸ் மூன்றையும் கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் வழக்கு ஆகியிருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை வண்டியை யாரும் பிரிக்கக் கூடாது. அவருடைய அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் வராது.

சீட்டில் அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். அப்படி ஒரு வரி போட்டுவிட்டதாலேயே கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. பில் இல்லாததும் அவருக்குத்தான் பாதகம். பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. பணம் கொடுத்ததை உங்கள் போன் பதிவு காட்டும்.

ஈரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் கரூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டு அவகாசம் உண்டு. மனுப் போடுவதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பல வழக்குகள் அந்தத் தபாலிலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும்.

ஸ்கூட்டர்காரர் விஷயம் தனி. ‘மெக்கானிக் செய்த தப்பு’ என்று அவரிடம் ஒதுங்க முடியாது. பிரேக் பழுதைக் காரணம் காட்டும் உரிமையாளர், தக்க கவனம் எடுத்தும் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். இடையில் பெடல் இளகியதோ, எச்சரிக்கை விளக்கு எரிந்ததோ தெரிந்தும் ஓட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு உங்கள் மேலேயே பாயும். அப்படி ஏதாவது இருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். காயம்பட்டவருக்கான இழப்பீட்டைப் பொதுவாக உங்கள் மூன்றாம் நபர் காப்பீடு ஏற்கும். விபத்தைப் போலீஸுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு இருந்தால் பம்பர், பானட் செலவு கிடைக்கும். கசிந்த ஹோஸுக்கும் வாஷருக்கும் கிடைக்காது. காப்பீட்டில் வாங்கிய தொகையை ஒர்க்‌ஷாப்பிடம் மறுபடி கேட்க முடியாது. பாக்கிச் செலவு, பிரேக் வேலைக்குக் கொடுத்த பணம், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள்.