பென் டிரைவில் ஒரு வாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் மனு தட்டச்சு செய்து தரும் சிறிய கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது 2015-இல் வாங்கிய கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்கிறார்கள். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று மகன் சொல்கிறான். கணினி பற்றி அதிகம் தெரியாத நான் எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகி, கடலூர்

பதில்: உங்கள் மகன் சொல்வது நல்ல யோசனைதான். விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் புதிய தலைமுறைச் செயலி 2015-ஆம் ஆண்டுக் கணினியில் இருக்க வாய்ப்பில்லை. அதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காயலான் கடையில் போட வேண்டியதில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். முதலில் ஒரு வாரம், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பல வகைகள் உள்ளன. எது சிறந்தது என்ற விவாதத்தில் நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் பொருந்தும்; மெனு இடது கீழ் மூலையில் அதே இடத்தில் இருக்கும், 4 ஜிபி ராம் இருந்தால் போதும். இன்றைய மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதன் இணையதளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை (முழு லினக்ஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருளின் உதவியோடு 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே எடுங்கள். பிறகு அதைச் செருகிக் கணினியை இயக்கியதும், நிறுவனத்துக்கு ஏற்ப எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை மீண்டும் மீண்டும் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நிமிடங்களில் மின்டின் திரை வந்துவிடும். அங்கே ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்று ஒரு சிறு படக்குறி தெரியும். அந்த வாரம் முழுவதும் அதன் பக்கம் போகாதீர்கள்.

கடையில் அன்றாடம் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக அதில் செய்து பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா, ஸ்கேனர் படிக்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளங்கள் ஃபயர்பாக்ஸில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, ‘டிரைவர் மேனேஜர்’ மூலம் வேண்டிய டிரைவரை (கருவியை இயங்கவைக்கும் துணை மென்பொருள்) பெறலாம். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும்; அதை வைத்து லினக்ஸை எடைபோட வேண்டாம். கணினியை அணைத்தால் அந்த அமர்வில் சேமித்தவை மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் பத்து ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. லினக்ஸில் அவை திறக்குமா? பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்க முடியுமா? – ஒரு தட்டச்சர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டுமே முடியும். பாமினி ஆவணத்துக்குள் உண்மையில் தமிழ் எழுத்துகள் இல்லை. நீங்கள் ‘அம்மா’ என்று அடித்த சொல், கோப்புக்குள் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கிறது. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவே பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து லினக்ஸில் நிறுவிவிட்டால், எம்எஸ் ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் உங்கள் ஆவணங்கள் தமிழாகவே திறக்கும். பக்க ஓரங்களும் அட்டவணைகளும் சற்று இடம் மாறக்கூடும். அச்சிடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆவணங்களை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடிலேயே அடியுங்கள் என்று மிகவும் வலியுறுத்துகிறேன். தேடினால் கிடைக்கும், எந்தக் கைபேசியிலும் படிக்கலாம், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்கும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்து நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றுடன் பழைய தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை முறையும் கிடைக்கும். பல ஆண்டுகள் பழகிய விரல்களை மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

கேள்வி: அச்சகத்தில் கோரல் டிராவும் டேலியும் இல்லாமல் எங்களுக்கு நாள் ஓடாது. நாங்கள் மாறலாமா? – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முழுவதுமாக மாற வேண்டாம். அவ்விரண்டும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் ஆகியவை நல்ல மென்பொருள்கள்தாம் என்றாலும், வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் அவற்றைக் கற்றுக்கொள்ள இயலாது. ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியில் விண்டோஸை வைத்துக்கொண்டு மறு பகுதியில் லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். மின்னஞ்சலும் இணையமும் லினக்ஸில் இருக்கட்டும்.

இன்ஸ்டால் செய்யும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற பொருளில் வரும் தேர்வு, ஹார்டு டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்பது வேறு தேர்வு. நிதானமாகப் படித்த பிறகே அழுத்துங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில் நான் ஹார்டு டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. யூபிஎஸ் இல்லை, நகலும் எடுத்து வைக்கவில்லை. என் தந்தையின் கடைசிக் காலப் படங்கள் அதோடு போயின. தானே புயலைப் பார்த்த நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்து மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைப்பதை எப்படி நம்புவது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

பதில்: 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்), 1992 முதல் ஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வெளிவருகிறது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இங்கே காசு வாங்காததைவிட இந்த உரிமையே பெரிது. அதனால்தான் தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இன்டெல், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் சம்பளம் கொடுத்தே இதற்கு நிரல் எழுதுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பதும் இதே கருநிரல்தான்.

கேள்வி: கறுப்புத் திரையில் கட்டளைகளை மனப்பாடம் செய்தால்தான் லினக்ஸ் வருமா? – கல்லூரி மாணவி, கடலூர்

பதில்: இல்லை. மின்டில் அன்றாட வேலைகள் எல்லாவற்றையும் சுட்டியாலேயே செய்யலாம். இருந்தாலும், மாணவி என்பதால் உங்களைக் கற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘எல்எஸ்’, ‘சிடி’, ‘சிபி’ என்ற மூன்றிலிருந்து தொடங்குங்கள். முதலாவது கோப்புகளைப் பட்டியலிடும், அடுத்தது வேறு கோப்புறைக்குக் கொண்டுபோகும், மூன்றாவது நகலெடுக்கும். இணையத்தில் கண்ட கட்டளை எதையும், அது என்ன செய்யும் என்று புரியாமல் ஒட்டி இயக்காதீர்கள். ‘சூடோ’ என்று தொடங்கினால் அந்தக் கட்டளை நிர்வாகி அதிகாரத்தோடு இயங்கும் என்பதால் இன்னும் எச்சரிக்கை தேவை. கூட உட்கார்ந்து கற்க ஆள் வேண்டுமென்றால், புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்கள் இயங்குகின்றன. அவர்களிடம் போகும்போது உங்கள் மடிக்கணினியையும் அந்த 8 ஜிபி பென் டிரைவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.