டப்பாவுக்குள் போனதும் ஏன் மக்கர் செய்கிறது? கேள்வி பதில்

பெரம்பூர்: சார், 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் ஐசி வைத்து 5 வோல்ட் எடுக்கிறேன். லோடு 200 மில்லிஆம்ப். மேசை மேல் ஓடியது, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது.

ஐசி சாகவில்லை, சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. மீதி 7 வோல்ட்டை 0.2 ஆம்பால் பெருக்குங்கள்: 1.4 வாட், முழுக்கச் சூடு. ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் துண்டு) இல்லாத 7805 வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும், அதாவது 91 டிகிரி. வெளியே 32 டிகிரி என்றால் சில்லு 123-இல் தப்பிக்கும். டப்பாவுக்குள் காற்று 60-ஐத் தொட்டால் சில்லு 150 தாண்டிவிடும், அந்தச் சூட்டில்தான் நின்றுவிடுகிறது. 9 வோல்ட் அடாப்டர் போட்டால் சூடு 0.8 வாட்டாகக் குறையும். அதைவிட நல்லது எல்எம்2596 பக் மாட்யூல், அதாவது அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கிற சின்ன போர்டு. ஆனால் லோடை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள், கடையிலிருந்து எந்த வோல்ட்டில் வரும் என்று சொல்ல முடியாது. காற்றுத் துளை கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் காற்று நகராது.

அம்பத்தூர்: அண்ணே, அலுமினியப் பெட்டியில் ஆம்ப்ளிஃபையர் கட்டினேன், 12-0-12, 2 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர். தொட்டால் லேசா கிர்ருங்குது. ரெண்டு பின் பிளக்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். இப்போது கிர்ரென்பது கசிவு மின்சாரமாக இருக்கலாம். நாளைக்கு உள்ளே ஒரு லைவ் ஒயர் கழன்று பெட்டியில் பட்டால் உயிர் போகும். மூணு பின் பிளக்குக்கு மாறுங்கள். பச்சை எர்த் ஒயரை ரிங் லக்கில் (வளைய முனை) அழுத்திக் கிரிம்ப் செய்து, எம்4 போல்ட், ஸ்டார் வாஷர் போட்டு முறுக்குங்கள். அந்த இடத்தில் பெயின்ட்டையோ அனோடைசிங்கையோ (அலுமினியத்தின் மேல் பூச்சு) உப்புத்தாளால் பளபளவென்று சுரண்டணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அனோடைசிங் மின்சாரம் கடத்தாது. அந்த போல்ட் எர்த்துக்கு மட்டும். டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிய போல்ட்டைப் பங்கு போடாதீர்கள். பச்சை ஒயர் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், யாராவது இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாகணும். முடித்ததும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டிக்கும் நடுவே அளந்தால் 1 ஓமுக்குள் வரணும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட், 2 ஆம்ப், அதாவது 48 விஏ (வோல்ட்-ஆம்ப்) என்றால் 230 வோல்ட் வரும் பிரைமரியில் சுமார் 0.2 ஆம்ப்தான். லைவில் 500 மில்லிஆம்ப் ஸ்லோ-ப்ளோ (சட்டென்று அறாத) ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். பழைய வீட்டில் எர்த்தே இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நியூட்ரலைப் பெட்டியோடு சேர்க்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட்.

திருவான்மியூர்: பால்கனியில் வைத்த சென்சார் போர்டு பச்சையாகப் பூத்துவிட்டது. சிலிக்கானால் நன்றாகத்தான் அடைத்திருந்தேன்.

உப்புக்காற்றோடு உங்கள் சிலிக்கானும் குற்றவாளியாக இருக்கலாம். காடி வாசம் அடிக்கிற வகை காய்கிறபோது அசெட்டிக் அமிலம் விடும், செம்பை அரிக்கும். அந்த அமிலம் விடாத ‘நியூட்ரல் க்யூர்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். புது போர்டில் சால்டர் செய்தபின் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, அக்ரிலிக் கோட்டிங் மெல்லிசாக இரண்டு தடவை. கனெக்டரையும் சென்சார் முகத்தையும் டேப் ஒட்டி மறைக்க மறக்காதீர்கள். ஒயர் டப்பாவின் அடிப்பக்கமாக, கேபிள் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) வழியாக நுழையட்டும். அடியிலேயே 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். உள்ளே வியர்க்கிற நீர் இறங்க வழி வேண்டும்.

கொளத்தூர்: இஎஸ்பி32 வைஃபை போர்டை இரும்புப் பெட்டியில் வைத்தேன், வைஃபை வரவில்லை.

வராது, இரும்பு சிக்னலை மறைக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறுங்கள், அல்லது வெளி ஆன்டெனா மாட்டுகிற வகையை வாங்குங்கள்.

சைதாப்பேட்டை: பிளாஸ்டிக்கில் துளை போட்டாலே விரிசல். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டப்பா வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மாஸ்க்கிங் டேப் ஒட்டி, பின்னால் மரக்கட்டை கொடுத்து, 3 மில்லிமீட்டரில் ஆரம்பித்து ஸ்டெப் டிரில்லால் (படிப்படியாக அகலும் டிரில்) மெதுவாகத் துளையைப் பெரிதாக்குங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஒட்டும். சின்ன வால்யூம் கன்ட்ரோலுக்குப் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துளை போதும். கடைக்குப் போர்டையும், அதில் மாட்டுகிற யூஎஸ்பி பிளக்கையும் எடுத்துப்போய் உள்ளளவைப் பாருங்கள்; மூலைத் திருகுத் தூண்களும் பிளக்கின் வாலும் இடத்தைத் தின்னும்.