அதிக நேரம் எடுத்ததுதான் குற்றவாளியா?

அன்புள்ள ஐயா,

எங்கள் மென்பொருள் பல சிறு சேவைகளாகப் பிரிந்து இயங்குகிறது. ஒரு கோரிக்கை தாமதமானால், அதன் ட்ரேஸைப் படித்துக் காரணம் சொல்ல ஓர் ஏ.ஐ. ஏஜென்ட்டை வைத்திருக்கிறோம். அதற்கான அறிவுறுத்தலை எழுதியது நான், நான்கு பக்கம். குழுவில் படித்த எல்லோரும் பாராட்டினார்கள். பத்து பழைய ட்ரேஸ்களில் சோதித்தபோது ஒன்பதுக்குச் சரியான விடை வந்தது. ஆனால் சென்ற வாரம், பணம் செலுத்தும் சேவைதான் காரணம் என்று அது அடித்துச் சொல்ல, அந்தச் சேவையின் குழுவினர் இரண்டு நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. என்மேல் கோபமாக இருக்கிறார்கள். ஓர் அறிவுறுத்தல் நல்லதா இல்லையா என்று எப்படித்தான் மதிப்பிடுவது? அறிவுறுத்தலையும் அந்த ட்ரேஸையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் படித்தேன். அறிவுறுத்தல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன். மனிதர்கள் படித்துத் தலையாட்டியதை ஒரு சோதனையாக எண்ணிவிட்டீர்கள்.

முதலில் அந்த ட்ரேஸ். இத்துறையில் இல்லாத வாசகர்களுக்கு ஒரு வரி: ஒரு கோரிக்கை எந்தெந்தச் சேவை வழியாகப் போனது, ஒவ்வொரு வேலையும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பதிவுதான் ட்ரேஸ், அதில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய துண்டு ஸ்பான். உங்கள் ட்ரேஸில், ஆர்டர் சேவை பணம் செலுத்தும் சேவையை அழைத்த ஸ்பானின் நீளம் 2,140 மில்லி விநாடி. அதே அழைப்பைப் பணம் செலுத்தும் சேவை தன் பக்கத்தில் பதிந்த ஸ்பானின் நீளம் வெறும் 90. நடுவே 2,050 மில்லி விநாடிக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. ஆர்டர் சேவையின் கனெக்‌ஷன் பூலில், அதாவது பிற சேவைகளோடு பேச அது வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில், இடம் காலியாவதற்காகக் காத்திருந்திருக்கலாம். வலையமைப்பில் போயிருக்கலாம். எதிர்ப்பக்கத்துச் சர்வரில், அளக்கத் தொடங்கும் முன்பே வரிசையில் நின்றிருக்கலாம். எது என்று இந்த ட்ரேஸை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஏஜென்ட் சொன்னதே என்கிறீர்களா? உங்கள் மூன்றாவது விதியைப் பாருங்கள்: ‘மிக நீளமான ஸ்பானைக் கண்டுபிடித்து அதற்குரிய சேவையைக் குறிப்பிடு.’ பதிலுக்காகக் காத்திருக்கும் கோரிக்கை எதிலும் உச்சியில் இருக்கும் ஸ்பான்தான் மிக நீளமானது. அதைச் சொல்லிப் பயனில்லை என்று ஏஜென்ட்டே அடுத்த நீளத்துக்குப் போய்விட்டது. அந்த அழைப்பு ஸ்பானின் பெயரில் பணம் செலுத்தும் சேவையின் பெயர் இருந்தது. பழி அங்கே விழுந்தது. ஏஜென்ட் உங்களுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம். எதிர்ப்பக்க ஸ்பான் 2,035-ஆவது மில்லி விநாடியில்தான் தொடங்கியதாகத் தெரிகிறது. அப்படியானால் காத்திருப்பு ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்கம் வேலையைத் தொடங்கும் முன்பே நடந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அழைப்பு தொடங்கிய நேரமும் எதிர்ப்பக்க ஸ்பான் தொடங்கிய நேரமும் இரண்டு கணினிகளின் கடிகாரங்களிலிருந்து வந்தவை. வெவ்வேறு கணினிகளில் நடந்தவற்றைக் கடிகாரத்தை நம்பி வரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கலைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். 2,140, 90 என்ற நீளங்கள் ஒவ்வொன்றும் ஒரே கணினியில் அளக்கப்பட்டவை, அவற்றை நம்பலாம். 2,035 என்ற இடத்தை அப்படியே நம்ப முடியாது. ட்ரேஸ்களைச் சேகரித்துக் காட்டும் ஜேகர் போன்ற கருவிகளில் இந்தக் கடிகார வேறுபாட்டைச் சரிக்கட்டிக் காட்டும் வசதி உண்டு. ஏஜென்ட் கைக்குப் போவது சரிக்கட்டிய நேரமா, மூல நேரமா? நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. பத்துக்கு ஒன்பது என்ற கணக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்தும் எல்லோர் நினைவிலும் இருந்த பெரிய கோளாறுகள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அறிவுறுத்தலையே திருத்தியிருக்கிறீர்கள். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய கதை. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை ஓட்டியதாகவும் தெரிகிறது. அதே ட்ரேஸை அதே ஏஜென்ட்டிடம் ஐந்து முறை கொடுத்துப் பாருங்கள். ஐந்து முறையும் ஒரே சேவையின் பெயர் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்றை நீங்கள் செய்யவே இல்லை. நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டு, ‘இந்தக் கோரிக்கை ஏன் தாமதமானது?’ என்ற ஒற்றை வரியோடு அதே பத்தையும் கொடுங்கள். அப்போதும் ஒன்பது வந்தால் உங்கள் உழைப்பால் எதுவும் கூடவில்லை என்று பொருள். (எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஒரு வாரம் செதுக்கிய அறிவுறுத்தல் ஒற்றை வரியிடம் தோற்றது. அன்று மாலை யாரிடமும் பேசவில்லை.) பிறகு விதிகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். நீக்கினால் விடை மேம்படும் விதிகள் சில நிச்சயம் அகப்படும். மூன்றாவது விதி அதில் ஒன்று என்று பந்தயம் கட்டுகிறேன்.

புதிய ட்ரேஸ்களை நீங்களே உண்டாக்குங்கள். சோதனைச் சூழலில் ஒரு சேவையில் 300 மில்லி விநாடி தாமதத்தைப் புகுத்துங்கள். கனெக்‌ஷன் பூலை ஒன்றாகக் குறையுங்கள். ஒரு கணினியின் கடிகாரத்தைத் தள்ளி வையுங்கள். கோளாறைச் செய்தது நீங்கள் என்பதால் விடை உங்களுக்குத் தெரியும். ஸ்பானின் பண்புகளில் ‘செயற்கைத் தாமதம்’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் அதைத்தான் முதலில் படிக்கும்.

இவற்றோடு இரண்டு வகையைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று, கோளாறே இல்லாத ட்ரேஸ். மற்றது, பாதி அழிந்த ட்ரேஸ். இரண்டாவது கற்பனை அல்ல. ட்ரேஸின் அடையாள எண்ணைச் சேவைக்குச் சேவை கைமாற்றும் ட்ரேஸ்பேரன்ட் என்ற தலைப்பு வரியை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020-இல் தரமாக்கியது. ஆனாலும் நடுவில் ஒரு சேவை அதை அடுத்ததற்குக் கொடுக்க மறந்தால் ட்ரேஸ் இரண்டாக அறுந்துவிடும். இல்லாத ஸ்பானை நடக்காத வேலை என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சரியான விடை, ‘இதை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்து இன்னதைப் பாருங்கள்’ என்பது. உங்கள் பதினோராவது விதியோ, ‘எப்போதும் ஒரே ஒரு மூலக் காரணத்தை உறுதியாகக் கூறு’ என்கிறது. அந்த இரண்டு நாளை விழுங்கியது இந்த வரிதான்.

ஆகவே மதிப்பெண்ணும் சரி, தவறு என்ற இரண்டோடு நிற்கக் கூடாது. விடை சொல்ல முடிகிற ட்ரேஸில் ‘தெரியவில்லை’ என்றால் பூச்சியம் போடுங்கள். தவறான சேவையை அடித்துச் சொன்னால் கழியுங்கள், தாராளமாகவே கழியுங்கள். ஏஜென்ட் மேற்கோள் காட்டும் ஸ்பான் எண்கள் உண்மையில் இருக்கின்றனவா, மில்லி விநாடிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சிறிய நிரல் போதும். விடைகளைத் திருத்த இன்னொரு ஏ.ஐ.யை வைக்கலாம் என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். நீளமாகவும் சரளமாகவும் எழுதிய விடைக்கு அது மயங்கும். இருபது விடைகளையாவது நீங்கள் கையால் திருத்தி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது விதிக்குப் பதிலாக நான் எழுதுவது இது: ‘ஒவ்வொரு ஸ்பானிலும் அதன் கீழுள்ள ஸ்பான்கள் எதுவும் மூடாத நேரம் எவ்வளவு என்று பார்.’ அந்தக் கணக்கை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள். ஒரே நேரத்தில் ஓடும் ஸ்பான்களைக் கூட்டிக் கழித்துக் குழம்பும். நிரலில் கணக்கிட்டு விடையை மட்டும் கையில் கொடுங்கள்.

ஆர்டர் சேவையின் கனெக்‌ஷன் பூல் அளவையும், அந்த நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் காத்திருந்தன என்பதையும் எடுத்து அனுப்ப முடியுமா? 2,050-க்கு விடை அங்கே இருக்கும் என்பது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். அதற்கு முன் பணம் செலுத்தும் சேவைக் குழுவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்.