பட்டறை மண்ணில் கல் அறுக்கலாமா?

ஐயா, அம்பத்தூரில் பழைய பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை இருந்த மனையில், தோண்டுகிற மண்ணையே அழுத்திக் கல்லாக்கி வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பிளேட்டிங் என்றாலே குரோமியம், நிக்கல். குரோமியத்தின் நச்சு வடிவம் நீரில் கரைந்து கிணறுவரை போகும். குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ராணிப்பேட்டையைப் பார்த்தாலே தெரியும். தொட்டிகள் நின்ற இடத்திலும் கழிவுநீர் ஓடிய வழியிலும் மண் எடுத்து, கிணற்று நீரோடு சேர்த்து ஆய்வகத்தில் கொடுங்கள். மஞ்சள் படிந்த மண் தென்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கல்லுக்கு வெளியிலிருந்து செம்மண் வாங்குங்கள். ஏரி வண்டல் மலிவுதான், ஆனால் களி மிகுந்து காயும்போது வெடிக்கும். சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். மேஸ்திரி ஒரு வாரம் போதும் என்பார், கேட்காதீர்கள். 2015 வெள்ளம் உங்கள் தெருவில் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேல் கருங்கல் அடித்தளத்தை உயர்த்துங்கள்.