கடல்நீர் மீன்தொட்டிக்குப் பாசி வடிகட்டி: வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நைட்ரேட் 40 மி.கி.க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பாறையெல்லாம் முடிப்பாசி. 'ஆல்கே ஸ்க்ரப்பர்' என்று விற்கும் பாசி வடிகட்டியின் விலை கையைக் கடிக்கிறது. நாமே செய்தால் அதே பலன் கிடைக்குமா?

கிடைக்கும். உங்களிடம் சம்ப் தொட்டி (பெரிய தொட்டியின் தண்ணீர் இறங்கி, பம்ப் வழியே திரும்ப ஏறும் கீழ்த்தொட்டி) இருந்தால் நாமே செய்வதுதான் சரியான முடிவு. இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி. 1982-ல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய கருவியில் தட்டையான தட்டில் வலை இருக்கும், கவிழும் வாளி ஒன்று அதன் மேல் அலை அலையாகத் தண்ணீரைக் கொட்டும். இன்று வீடுகளில் செய்வது அதைவிட எளிது. சொரசொரப்பான வலையைத் தொங்கவிட்டு, மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, இரண்டு பக்கமும் வெளிச்சம் கொடுத்தால் போதும்.

உணவின் மிச்சத்திலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் பாசி தின்று வளர்கிறது. பாறையில் வளர வேண்டிய பாசியை, அதைவிட வசதியான ஓர் இடம் கொடுத்து வலைக்கு இழுக்கிறோம். வளர்ந்ததைச் சுரண்டி வெளியே போடும்போதுதான் சத்து தொட்டியை விட்டுப் போகிறது. சுரண்டச் சோம்பல்படுகிறவர்கள் எந்த விலைக்கு வாங்கினாலும் பயனில்லை.

சம்ப் இல்லாதவர்களுக்கு மட்டும் கடைப்பொருளைப் பரிந்துரைப்போம். தொட்டியின் விளிம்பில் மாட்டும் வகையில் நீர் சிந்தாமல் பெட்டி ஒட்டுவது கைப்பழக்கம் இல்லாமல் வராது. ஒரு ஒட்டு விட்டால் உப்புநீர் தரையில்.

கேள்வி: வலையின் அளவை எப்படிக் கணக்கிடுவது? தொட்டியின் லிட்டர் கணக்கா?

இல்லை, தீனிக் கணக்கு. ஒரே 200 லிட்டரில் இரண்டு மீன் வைப்பவரும் உண்டு, பன்னிரண்டு வைப்பவரும் உண்டு. தினமும் போடும் உறைந்த தீனிக் கட்டி ஒன்றுக்கு, இரண்டு பக்கமும் வெளிச்சம் படும் வலை சுமார் 77 சதுர செ.மீ. வேண்டும். வலையின் ஒரு முகத்தை மட்டும் அளந்தால் போதும்.

நாளைக்கு இரண்டு கட்டி போட்டால் 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். தேவைக்கு மேல் பெரிதாகச் செய்யாதீர்கள். சத்து போதாமல் பாசி திட்டுத் திட்டாக, வெளிறி வளரும்.

தண்ணீர் ஓட்டம் வலையின் அகலத்தைப் பொறுத்தது. உயரத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு செ.மீ. அகலத்துக்கு மணிக்கு 50 லிட்டருக்குச் சற்று மேல், ஆக 15 செ.மீ.க்கு மணிக்கு 800 லிட்டர்.

கேள்வி: அப்படியானால் 1000 லிட்டர் பம்ப் வாங்கினால் போதுமா? வேறு எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

போதாது. பெட்டியில் போட்டிருக்கும் 1000 என்பது தண்ணீரை மேலேற்றாமல் தள்ளும்போது கிடைக்கும் அளவு. அதே பம்ப் அதிகபட்சம் ஒரு மீட்டர்தான் ஏற்றும் என்றால், 60 செ.மீ. உயரத்தில் பாதிகூட வராமல் போகலாம். உயரத்துக்கு ஏற்ப ஓட்டம் குறைவதைக் காட்டும் வரைபடம் பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். வரைபடமே இல்லாத பம்பை விட்டுவிடுங்கள். வாங்கியதும் அதே உயரத்தில் குழாயைப் பிடித்து 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். 45 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 800 லிட்டர். பம்பின் உள்தண்டு பீங்கானாக இருக்கட்டும்; இரும்புத் தண்டு உப்புநீரில் துருப்பிடிக்கும்.

விளக்கு விஷயத்தில் விளம்பரத்தில் சொல்லும் வாட்டை நம்ப வேண்டாம். '100 வாட்' என்று எழுதியிருக்கும் செடி விளக்கு பல நேரம் அதில் கால்பங்கு மின்சாரம்தான் இழுக்கும். பிளக்கில் மாட்டும் மின் அளவுமானி ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும். 15 × 10 வலைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நிஜமான 12 வாட் எல்.இ.டி. போதும், பக்கத்துக்கு 6. நிறத்தில் 660 நானோமீட்டர் அடர் சிவப்பு முக்கியம், கூடவே கொஞ்சம் நீலம் இருக்கலாம். அது கிடைக்காவிட்டால் மஞ்சள் சாயல் கொண்ட 2700-3000 கெல்வின் விளக்கு. பவளத்துக்கான நீல விளக்கை இதற்கு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய திருகு எதுவும் தண்ணீர் படும் இடத்தில் கூடாது. செம்பு கொஞ்சம் கரைந்தாலும் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். சிலிகான் பசை வாங்கினால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பாருங்கள்.

கேள்வி: செய்முறையை ஒழுங்காகச் சொல்லுங்கள்.

தேவையானவை: 25 மி.மீ. பி.வி.சி. குழாய் 30 செ.மீ., ஒரு மூடி, ஒரு முழங்கை இணைப்பு, பம்பிலிருந்து வர நெகிழ்குழாய், ஒரு வால்வு, நைலான் கட்டுப்பட்டைகள், கம்பளி நூல் பின்னலுக்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் ஒரு தாள் (இதுதான் வலை), விளக்குகள், தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவே வைக்க இரண்டு அக்ரிலிக் தகடு.

எல்லாவற்றிலும் முக்கியம் வலையைச் சொரசொரப்பாக்குவது. மர ரம்பத்தின் பல்லால் கேன்வாஸை இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திச் சுரண்டுங்கள். வெறும் மணல்தாள் தேய்ப்பு போதாது. விரலை வைத்தால் கள்ளிச்செடியைத் தொட்டதுபோல் குத்த வேண்டும். பிளாஸ்டிக் இழைகள் எழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாசி பிடித்துக்கொள்வது அந்த இழைகளைத்தான். வழவழப்பான வலையில் வளரும் பாசி கொஞ்சம் கனத்ததும் மொத்தமாகக் கழன்று சம்பில் விழுந்து அழுகும். வீட்டில் செய்யும் ஸ்க்ரப்பர்கள் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான் என்போம்.

அடுத்து குழாயில் பிளவு. நேர்க்கோடு போட்டு, 15 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. துளைகளை நெருக்கமாக வரிசையாகப் போட்டு, அரத்தால் ஒன்றாக இணையுங்கள். பிசிறை முழுக்க எடுத்துவிட வேண்டும்; ஒரு பிசிறு நின்றாலும் அதற்குக் கீழே வலையில் ஒரு காய்ந்த கோடு விழும். வலையின் மேல்விளிம்பை அரை செ.மீ. உள்ளே செருகி, குழாயைச் சுற்றி மூன்று இடத்தில் கட்டுங்கள். குழாயின் கடைசியில் மூடி. அந்த மூடியை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், உள்ளே சுத்தம் செய்ய வேண்டிவரும். ஒட்டிய இடங்கள் ஒரு முழு நாள் காயட்டும்.

பிளவின் மேல் வெளிச்சம் விழாதபடி கருப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மறைப்பாக வையுங்கள். இல்லாவிட்டால் பாசி பிளவுக்குள்ளேயே வளர்ந்து தண்ணீரை அடைத்துவிடும்.

வலையின் கீழ்விளிம்பு சம்ப் தண்ணீரைத் தொட்டால் சத்தமும் குமிழியும் இருக்காது. விளக்கை வலையிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி, அக்ரிலிக் தகட்டுக்கு வெளியே பொருத்துங்கள். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொய்ந்து மேலே ஏறட்டும். கம்பி வழியே வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத்தடுப்பு ஸ்விட்ச் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

விளக்குக்கு மட்டும் டைமர், பம்ப் 24 மணி நேரமும். முதல் சில வாரம் 10 மணி நேர வெளிச்சம், பிறகு மெல்ல 18 வரை. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரமும் அதில் அடங்கினால், இரவில் பி.எச். இறங்குவது குறையும்.

கேள்வி: மூன்று வாரம் ஆகிறது. வலையில் பழுப்புச் சேறுதான். பொருள் சரியில்லையா?

அவசரப்படாதீர்கள். பழுப்பு வழவழப்பு முதலில் வருவது வழக்கம். பச்சை நிலைபெற ஒன்று, ஒன்றரை மாதம்கூட ஆகலாம். சேற்றை விரலால் லேசாக வழித்துவிட்டு, பச்சை தட்டிய இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

அதற்குப் பிறகும் கருப்பாகத் தார் போல இருந்தால் சத்து அதிகம், வெளிச்சம் குறைவு. நேரத்தைக் கூட்டுங்கள், அடிக்கடி சுரண்டுங்கள். மஞ்சளாக ரப்பர் போல இழுபட்டால் வெளிச்சம் அதிகம் அல்லது ஓட்டம் குறைவு. முதலில் பம்ப் வாயின் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விளக்கைக் குறையுங்கள்.

நைட்ரேட் இறங்கியும் பாஸ்பேட் இறங்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பாறையில் படிந்திருந்தது கரைந்து வந்துகொண்டிருக்கும். பாறைப் பாசி வெளிறித் தளரும்போது கையால் பிடுங்கி எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி மறுபடி தண்ணீரிலேயே சேரும். பாஸ்பேட் 0.03 மி.கி.க்குக் கீழே போனால் விளக்கு நேரத்தைக் குறையுங்கள், பூஜ்யம் பவளத்துக்கு நல்லதல்ல.

கேள்வி: ஸ்கிம்மரை விற்றுவிடலாமா?

வேண்டாம். ஸ்கிம்மர் நுரை எழுப்பி, சிதையாத கழிவை எடுக்கிறது, பாசி சிதைந்த பிறகு வரும் சத்தை எடுக்கிறது. மூன்று மாத அளவீடுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாசியால் தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தால் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று போதும்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போகிறோம். யாரும் சுரண்ட மாட்டார்கள். என்ன செய்வது?

வழக்கமாக வாரம் ஒரு முறை வலையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் காட்டிச் சுரண்ட வேண்டும். நன்னீர் பட்டால் பாசி தின்னும் சிறு பூச்சிகள் செத்துவிடும். ஒட்டச் சுரண்டாமல் ஒரு மெல்லிய பச்சைப் படலம் மிஞ்சட்டும். கிளம்பும் முந்தைய நாள் இப்படிச் சுத்தம் செய்து, விளக்கை 9 மணி நேரமாகக் குறைத்து, தீனியையும் பாதியாக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். அடர்ந்து போனால் அடிப்பாசிக்கு வெளிச்சம் கிடைக்காமல் செத்துக் கழன்றுவிடும். தண்ணீரும் வலையை விட்டு வெளிப்பக்கம் தெறிக்கும். அதனால் சம்புக்கு வெளியே தெறிக்காதபடி அக்ரிலிக் தகட்டின் கீழ்விளிம்பு தண்ணீர் மட்டத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.