மறுமொழி: விட்னி பாட்டின் கடைசிப் பகுதியில் குரல் உடைகிறது, அடுத்த வாரம் மேடை

கரோக்கியில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடும்போது அந்த டிரம் அடிக்கு அப்புறம் குரல் பிசிறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தொண்டையின் குற்றமில்லை. விட்னி ஹூஸ்டன் ஆறு கட்டைச் சுருதியில் ஆரம்பித்து, அந்த இடத்தில் ஏழு கட்டைக்குத் தாவுகிறார். ஒரு வாரத்தில் அதைப் பழக நினைத்தால் தொண்டைதான் புண்ணாகும்.

இந்தப் பாட்டை முதலில் எழுதிப் பாடிய டாலி பார்டனின் மூலத்தைக் கேட்டிருக்கிறீர்களா? 1974-ல் வந்த கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) பாட்டு அது. தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் டிவி நிகழ்ச்சியை விட்டு விலகும்போது எழுதியது. காதல் முறிவுப் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் சுருதி மாற்றமே கிடையாது. கடைசிச் சரணத்தைப் பாடக்கூட இல்லை, பேசுகிறார்! விடைபெறும்போது யாராவது கத்துவார்களா என்ன. (1992-ல் விட்னி கத்தினார், அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தார். அது வேறு கதை.)

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கரோக்கி டிராக்கை விட்டுவிட்டு, ஒரே ஒரு கிட்டாரோடு, நான்கோ ஐந்தோ கட்டையில், உங்களுக்கு வசதியான சுருதியில் பாடுவேன். விட்னியிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வாத்தியமே இல்லாத அந்தத் தொடக்கம். கூட்டம் அங்கேயே அடங்கிவிடும். பேசும் சரணத்தை மட்டும் கண்ணாடி முன் நாலு தடவை சொல்லிப் பாருங்கள், அவசரப்பட்டால் ஒப்பிப்பது போல ஆகிவிடும்.