முதிய நாய்க்குத் தூக்கத்தில் சிறுநீர் கசிந்தால்

கேள்வி: அணைக்கட்டு வட்டத்தில் மூன்று ஏக்கரில் நெல்லும் கத்தரியும் பயிரிட்டு, நான்கு கறவை மாடுகளும் வளர்த்து வருகிறேன். கொட்டகைக்குக் காவலாக இருக்கும் செவலை என்ற பெண் நாய்க்கு 11 வயது. எடை 18 கிலோ இருக்கும். கருத்தடை அறுவை செய்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதமாக, அது படுத்தெழும் கோணிச்சாக்கு காலையில் நனைந்து கிடக்கிறது. பகலில் வழக்கம்போல வரப்போரம் சென்றுதான் சிறுநீர் கழிக்கிறது. பொழுது சாய்ந்தபின் தண்ணீர் வைக்காதே என்கிறார் அம்மா. நெருஞ்சில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரண்டையும் செய்ய வேண்டாம். நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்குவதற்கென்றே கொடுக்கப்படும் மூலிகை. ஒழுகுகிற நாய்க்கு அதைக் கொடுத்தால் சாக்கு இன்னும் அதிகமாகத்தான் நனையும். தண்ணீரை நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. சிறுநீரகம் தளர்ந்த முதிய நாய் குடித்த நீரை உடலில் தேக்கிவைக்க முடியாமல் வெளியேற்றிவிடும். 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர்க் கத்திரி வெயிலில் அதற்குத் தண்ணீரும் கிடைக்காவிட்டால் இரண்டொரு நாளில் படுத்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு செய்தி மிக முக்கியமானது. பகலில் செவலை தானாக எழுந்து சென்று, நினைத்த இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. அயர்ந்து தூங்கும்போது மட்டும் அதற்கே தெரியாமல் கசிகிறது. கருத்தடை செய்த பெண் நாய்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் சிறுநீர்ப் பாதையை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துபோவது உண்டு. அறுவை முடிந்து சில மாதங்களிலும் இது தொடங்கலாம், பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். அதற்காக அறுவை செய்தது தவறென்று எண்ண வேண்டாம். கருத்தடை செய்யாத முதிய பெண் நாய்களின் உயிரைக் குடிக்கும் கருப்பைச் சீழ் நோயிலிருந்து செவலையைக் காத்ததும் அதே அறுவைதான்.

ஆயினும் தசைத் தளர்ச்சிதான் என்று முடிவுகட்டுவதற்கு முன், நாய் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறதா என்று அளந்து பார்த்தே ஆக வேண்டும். மூன்று நாள்களுக்கு மாட்டுத் தொட்டியில் வாய் வைக்கவோ, கழுநீர் குடிக்கவோ விடாமல், காலையில் ஒரு பாத்திரத்தில் இரண்டு லிட்டர் அளந்து ஊற்றுங்கள். குறையக் குறைய அளந்தே நிரப்பி, மறுநாள் காலையில் எஞ்சியதைக் கழித்துக் குறித்து வையுங்கள். பதினெட்டுக் கிலோ நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிப்பது இயல்பு. கிலோவுக்கு 100 மில்லி, அதாவது 1.8 லிட்டரைத் தாண்டினால், கோளாறு தசையில் இருக்க வாய்ப்புக் குறைவு. சிறுநீரக நோய், நீரிழிவு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு போன்றவற்றைத் தேட வேண்டும். அளக்கும் நாள்களில் கருவாட்டுத் தலையும் உப்புப் போட்ட சோறும் கூடாது. உப்பு தின்ற நாய் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். அண்மையில் அரிப்புக்கென்று ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து ஒன்றே நாயைத் தண்ணீருக்கும் சிறுநீருக்குமாக அலைய வைக்கும்.

சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அது நாய்க்கும் பொருந்தும். மொய்த்தால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம், மொய்க்காததால் மட்டும் சர்க்கரை இல்லை என்றாகிவிடாது. அடிக்கடி உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டு விடுவது, இரத்தம் கலந்து வருவது, கடும் நாற்றம் ஆகியவை கிருமித் தொற்றையோ கல்லையோ காட்டும். பின்னங்கால் தடுமாறினால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும்.

அளவைக் குறித்த தாளுடன் காலை முதல் சிறுநீரையும் கொண்டு செல்லுங்கள். கழுவி உலர்த்திய குழிக்கரண்டியை ஒரு கழியில் கட்டி, நாய் உட்கார்ந்தபின் பின்புறமிருந்து மெல்ல நீட்டினால் மிரளாது. முன்னால் போய் நின்றால் எழுந்து ஓடிவிடும். பிடித்ததைச் சுத்தமான புட்டியில் ஊற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் பரிசோதனைக்குச் சேர்த்துவிடுவது நல்லது. அத்துடன் சிறுநீரகத்திற்கும் சர்க்கரைக்குமான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்; உண்ணிக் காய்ச்சல் வந்துபோன நாயென்றால் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உங்கள் பகுதியில் ஸ்கேன் வசதி கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

தசைத் தளர்ச்சி என்று உறுதியானால் பீனைல்புரோப்பனோலமைன் அல்லது ஈஸ்ட்ரியால் தருவது வழக்கம். பெரும்பாலான நாய்களில் ஓரிரு வாரங்களில் கசிவு நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். முதல் மருந்து இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. ஆகவே இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இரண்டாவதைத் தொடங்கிய பின், கசிவை அடக்கும் மிகக் குறைந்த அளவுக்கு மருத்துவரே இறக்குவார். மனிதருக்கான சளி மாத்திரையையோ வலி மாத்திரையையோ கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் டைக்ளோபெனாக்கும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

இதற்கிடையே நான் அஞ்சுவது ஈயைப் பற்றித்தான். நனைந்த தொடை மயிரில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். வால் அடியைத் தூக்கிப் பார்க்கும்வரை அது தெரியாது. பின்தொடை மயிரைக் கத்தரித்துவிட்டு, தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பினாயிலை உடம்பில் படவிடக் கூடாது. கோணிச்சாக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக முழங்கால் உயரத்திற்கும் தாழ்வான ஒரு பழைய நாடாக் கட்டிலைப் போட்டால் சிறுநீர் கீழே வடிந்துவிடும், தரையையும் எளிதில் கழுவலாம். கட்டிலைக் கொட்டகைக்குள் போடாமல் வெளித் தாழ்வாரத்தில் போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும் என்பதால், தீவனத்தின் அருகிலும் பால் பாத்திரத்தின் அருகிலும் அது படுக்க வேண்டாம். நாயைக் கழுவிவிட்டவர் சோப்புப் போட்டுக் கைகழுவிய பின்பே கறக்க உட்கார வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி இந்த ஆண்டு செவலைக்குப் போடப்படவில்லை என்றால், பரிசோதனைக்குச் செல்லும்போதே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடலாம்.